பயிற்சியின் பயன்: டெஸ்ஸாவ் வகுப்பறையும் தோகெனின் கேள்வியும்

கலை மாணவர் ஒருவர் ஆசிரியர் இட்ட பணியை முடிப்பதற்காக வகுப்பறையில் செய்யும் ஓவியம், காகித வடிவம், நெசவுத்துண்டு முதலியவற்றை இக்கட்டுரை பயிற்சிப்பணி என்ற பெயரால் குறிக்கிறது. பயிற்சிப்பணியின் பொருளை மாணவர் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. அதை விலை கொடுத்து வாங்குவோர் எவரும் இல்லை. மதிப்பீடு முடிந்ததும் அது பெரும்பாலும் குப்பைக்கே போகிறது. ஆயினும், நிலைத்து நிற்கவேண்டிய படைப்பு ஒன்றுக்கு உரிய கவனம் முழுவதையும் அதற்குத் தரவேண்டும் என்றே அவர் எதிர்பார்க்கப்படுகிறார். வெளிநாட்டில் பயிலும் மாணவரிடத்தில் இந்த முரண் இன்னும் கூர்மையடைகிறது. பெரும்பொருள் செலவிட்டுக் கடல் கடந்து, தம் மொழியும் கைப்பழக்கமும் செல்லுபடியாகாத ஓரிடத்துக்கு வந்து சேர்ந்த பின்னர், அவர் செய்வது மறுநாள் எறியப்படப்போகும் ஒன்றையே. எஞ்சி நில்லாத ஒரு செயலுக்குத் தன்னளவில் மதிப்பு உண்டா, உண்டெனில் அம்மதிப்பு எங்கே தங்குகிறது என்பது கல்வியியலார் மட்டும் ஆராயவேண்டிய கேள்வியன்று. செயலுக்கும் பயனுக்கும் உள்ள உறவைப் பற்றிச் சமயங்கள் நெடுங்காலமாக எழுப்பிவரும் கேள்வியின் ஒரு கிளையே அது.

இதனை ஆராய்வதற்கு ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி பொருத்தமான களமாகும். 1919இல் வைமார் நகரில் கட்டடக்கலைஞர் வால்டர் குரோப்பியஸ் தொடங்கி, 1925இல் டெஸ்ஸாவ் நகருக்குப் பெயர்ந்த அப்பள்ளியில், எந்தப் பட்டறையில் சேரவிரும்பும் மாணவரும் முதலில் முன்பயிற்சி வகுப்பு ஒன்றைக் கடக்கவேண்டும் என்ற ஏற்பாடு தொடக்கத்திலேயே செய்யப்பட்டது. மாணவர் அதுவரை கற்றுவந்த கலைப் பழக்கங்களை உதிர்த்துவிட்டு, பொருள்களையும் வடிவங்களையும் நிறங்களையும் முதன்முறையாகத் தொடுவது போலத் தொடவேண்டும் என்பதே அவ்வகுப்பின் நோக்கம். தொடக்கத்தில் அதை நடத்தியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹன்னெஸ் இட்டன். அவர் 1923இல் விலகியபின், அப்பள்ளியிலேயே மாணவராக இருந்த யோசெஃப் ஆல்பெர்ஸ் அதில் கற்பிக்கத் தொடங்கி, 1933இல் பள்ளி முற்றிலும் மூடப்படும்வரை தொடர்ந்தார்.

ஆல்பெர்ஸின் வகுப்பைப் பற்றி அவருடைய மாணவர் ஹான்னெஸ் பெக்மன் பதிவுசெய்துள்ள நினைவு ஒன்று கலைக்கல்வி வரலாற்றில் பரவலாக அறியப்பட்டது. ஆசிரியர் செய்தித்தாள் கட்டு ஒன்றோடு வகுப்புக்குள் வந்து, தாள்களைப் பகிர்ந்தளித்து, அவை இப்போதுள்ள நிலையைவிட மேலான ஏதோவொன்றாக ஆகும்படி செய்யுமாறும், இயன்றால் கத்தரிக்கோல், பசை போன்ற கருவிகளின் துணையின்றிச் செய்யுமாறும் கூறிவிட்டு வெளியேறினார். அவர் திரும்பி வந்தபோது கோட்டைகளும் படகுகளும் விமானங்களும் விலங்குகளும் மேசைகளின் மேல் நிறைந்திருந்தன. அவை மழலையர் பள்ளிக்கு உரியவை என்றும், வேறு பொருள்களைக் கொண்டு அவற்றை இதனினும் நன்றாகச் செய்திருக்கலாம் என்றும் ஒதுக்கிய ஆசிரியர், ஹங்கேரியிலிருந்து வந்திருந்த இளம் கட்டடக்கலை மாணவர் ஒருவரின் பணியைச் சுட்டிக்காட்டினார். அம்மாணவர் செய்தித்தாளை நீளவாக்கில் மடித்து, மடிப்புத்திரை போல நிற்கவைத்திருந்தார். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. படுத்துக் கிடந்தபோது ஒரு பக்கத்தை மட்டுமே காட்டிய தாள் இப்போது இரு பக்கங்களையும் காட்டுகிறது என்பதையும், துவண்டு விழும் இயல்புடைய அது தன் மிக மெல்லிய பகுதியாகிய விளிம்பின்மேல் நிற்கும் உறுதியைப் பெற்றுவிட்டது என்பதையும் ஆல்பெர்ஸ் விளக்கினார். படகு செய்தவர்கள் தங்கள் மனத்தில் முன்பே இருந்த ஓர் உருவத்தைத் தாளின்மேல் சுமத்தினார்கள். ஹங்கேரிய மாணவரோ தாள் எதைச் செய்ய வல்லது என்று அதனிடமே கேட்டார். அந்த மடித்த தாளும் மற்றவற்றைப் போலவே குப்பைக்குத்தான் போயிருக்கும். அதனால் அதன் சிறப்பு குறைந்துபோகவில்லை என்பதை எவரும் உணரமுடியும். ஆனால் அதை விளக்கிச் சொல்வது எளிதன்று.

கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் மனிதச் செயலை இரு வகையாகப் பிரிக்கிறார். முதலாவது ஆக்கம், குயவர் பானை வனைவதும் தச்சர் கட்டில் செய்வதும் ஆக்கத்தின்பாற் படும், அதன் நோக்கம் செயலுக்கு வெளியே, செய்துமுடித்த பொருளில் இருக்கிறது. இரண்டாவது ஒழுகல், நீதியோடு நடப்பதும் துணிவோடு நிற்பதும் இவ்வகையின, நன்றாகச் செய்வதே அதன் நோக்கம். இப்பகுப்பை அளவுகோலாகக் கொண்டால் பயிற்சிப்பணி இரண்டிலும் முழுமையாக அடங்காமல் நழுவுகிறது. வெளித்தோற்றத்தில் அது ஆக்கமே. கையில் ஒரு பொருள் உருவாகிறது. அப்பொருள் நன்றாக அமைந்ததா என்று கேட்கவும் முடிகிறது. ஆனால் அப்பொருள் எவருக்காகவும் உருவாகவில்லை. அதன் வழியாக உருவாவது செய்பவரின் கண்ணும் கையும் மனமுமே. அரிஸ்டாட்டிலே வேறோரிடத்தில், கட்டுவதனால் ஒருவர் கட்டுநர் ஆவது போல நற்செயல்களைச் செய்வதனால் நல்லவர் ஆகிறார் என்று கூறும்போது, பயிற்சியின் பயன் செய்பவரிடத்தில் படிகிறது என்னும் கருத்துக்கு மிக நெருங்கி வருகிறார்.

இவ்விளக்கம் பாதி வழிதான் வருகிறது. பயன் செய்பவரிடத்தில் படிகிறது என்றால், பயிற்சி மீண்டும் ஒரு கருவியாகிவிடுகிறது. இன்று குறையுடையவராக இருக்கும் மாணவர் நாளை நிறையுடைய கலைஞர் ஆவதற்குத் தரும் விலையாக அது சுருங்கிவிடுகிறது. அப்படியானால், படிப்பை முடிக்காமலே இறந்துபோன மாணவரின் பயிற்சி வீண். பின்னாளில் கலைத்துறையை விட்டு வேறு தொழிலுக்குப் போனவரின் பயிற்சியும் வீண். இம்முடிவை ஏற்க மனம் மறுப்பதற்குக் காரணம் வெறும் இரக்கம் அன்று. அந்த முடிவில் ஏதோ ஒரு பிழை இருக்கிறது. அப்பிழையை மிகத் துல்லியமாகத் தொட்டவர், கலைக்கல்விக்குத் தொடர்பில்லாத, ஆனால் தாமும் வெளிநாட்டு மாணவராக இருந்த ஒரு பௌத்தத் துறவி.

சோத்தோ ஸென் மரபை ஜப்பானில் நிறுவிய தோகென் 1200இல் பிறந்தவர். இளவயதில் ஹியேய் மலையில் துறவு பூண்டு தெந்தாய் மரபில் பயின்றபோது, அவரை ஒரு கேள்வி வாட்டியதாக அவருடைய வரலாறு கூறுகிறது. எல்லா உயிர்களும் இயல்பிலேயே புத்த இயல்பை உடையவை என்பது அம்மரபின் கொள்கை. அவ்வாறாயின், எல்லாப் புத்தர்களும் ஞானத்தை நாடிக் கடுமையாகப் பயிற்சி செய்தது எதற்காக? பயிற்சியால் அடையப்படுவது முன்பே இருக்கிறது என்றால் பயிற்சி மிகை. முன்பே இல்லை என்றால் கொள்கை பொய். ஹியேய் மலையில் நிறைவான விடை கிடைக்காததால், தோகென் 1223இல் சோங் பேரரசின் ஆட்சியிலிருந்த சீனாவுக்குக் கப்பலேறினார்.

சீனத் துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருந்த நாட்களில் அவர் சந்தித்த முதியவர் ஒருவரைப் பற்றித் தோகென் 1237இல் எழுதிய ‘தென்சோ கியோகுன்’ என்னும் நூலில் விரிவாகச் சொல்கிறார்; மடத்துச் சமையல் பொறுப்பாளருக்கான அறிவுரைகள் அடங்கிய நூல் அது. அசோக மன்னரின் பெயரைத் தாங்கிய அயுவாங் மலை மடத்தின் சமையல் பொறுப்பாளராகிய அம்முதியவர், மறுநாள் துறவிகளுக்குப் படைக்கவிருந்த உணவுக்காக ஜப்பானியக் காளான் வாங்கக் கப்பலுக்கு வந்திருந்தார். இரவு தங்கிப் பேசிச் செல்லுமாறு தோகென் வேண்டியும், தம் பணி காத்திருக்கிறது என்று அவர் மறுத்துவிட்டார். இவ்வளவு வயதில் தியானத்தையும் நூலாராய்ச்சியையும் விட்டுச் சமையலில் உழல்வானேன் என்று தோகென் கேட்டபோது, அயல்நாட்டு இளைஞருக்குப் பயிற்சி என்பது இன்னதென்று இன்னும் புலப்படவில்லை என்று அவர் சிரித்துவிட்டுப் போனார். பின்னர் தியன்தோங் மடத்தில் தோகென் இன்னொரு முதிய சமையல்காரரைக் கண்டார். சுடும் வெயிலில் தலையில் தொப்பியும் இன்றி, வில்லாய் வளைந்த முதுகோடு அவர் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார். பணியாட்களை ஏவக்கூடாதா என்ற கேள்விக்குப் பிறர் தாம் ஆகமாட்டார்கள் என்றும், வெயில் தாழ்ந்தபின் செய்யக்கூடாதா என்ற கேள்விக்கு வேறு எந்த வேளைக்காகக் காத்திருப்பது என்றும் விடை வந்தது.

காளான் உலர்த்துவது ஞானத்துக்கான முன்னேற்பாடு அன்று. அதுவே பயிற்சி, பயிற்சியே ஞானத்தின் வெளிப்பாடு என்பது இவ்விரு முதியவர்களும் தோகெனுக்குக் காட்டிய வழி. நாடு திரும்பியபின் 1231இல் எழுதிய ‘பெந்தோவா’ என்னும் நூலில் அவர் இதையே கோட்பாடாக வகுத்தார்: பயிற்சியும் ஞானமும் இரண்டல்ல, தொடக்கநிலை மாணவரின் முதல் நாள் பயிற்சியிலேயே முழு ஞானமும் இயங்குகிறது, ஆகவே ஞானம் பெற்றபின் பயிற்சி முடிந்துவிடுவதும் இல்லை. ஹியேய் மலையில் எழுந்த கேள்வி இவ்வாறு விடை பெறாமலே கரைந்தது. பயிற்சியை ஒரு பொருளை அடையும் வழி என்று கருதியதனால் மட்டுமே அக்கேள்வி எழுந்திருந்தது.

இக்கோட்பாட்டைக் கலை வகுப்பறைக்குக் கொண்டுவருவதில் எச்சரிக்கை வேண்டும். தோகென் பேசுவது புத்த இயல்பைப் பற்றி. காகிதம் மடிப்பவர் தேடுவது அதுவன்று. இருந்தபோதிலும், மேலே சொன்ன பிழை எங்கே இருக்கிறது என்பதை அவருடைய சிந்தனை காட்டிவிடுகிறது. தாளை நிற்கவைத்த அந்த வேளையில் ஹங்கேரிய மாணவர் பொருளை உள்ளபடி கண்டார். அவ்வாறு காண்பது கலைத்தொழிலுக்கான முன்னேற்பாடு அன்று, கலைத்தொழிலே அதுதான். முதிர்ந்த கலைஞர் தம் அறுபதாம் வயதில் செய்வதும் அதையே. மாணவருக்கும் கலைஞருக்கும் இடையே உள்ளது அளவின் வேறுபாடு. வகையின் வேறுபாடு அன்று. ஆகவே, பிற்காலத்தில் கலைஞராகாத மாணவரும் அந்த ஒரு வேளையில் கலையில் முழுமையாகவே இருந்தார் என்று கொள்ளவேண்டும்.

இரு மரபுகளையும் தம் கையாலேயே தொட்டறிந்த ஒருவர் வரலாற்றில் உண்டு. 1910இல் பிறந்த மிச்சிகோ யாமவாகி, தேநீர்ச் சடங்கில் ஊறிய குடும்பத்தில் வளர்ந்தவர். கட்டடக்கலைஞரான கணவர் இவாவோ யாமவாகியுடன் 1930இல் டெஸ்ஸாவ் சேர்ந்தபோது அவருக்கு முறையான கலைக்கல்வி எதுவும் இருக்கவில்லை. ஆல்பெர்ஸின் முன்பயிற்சி வகுப்பிலும், ருஷ்ய ஓவியர் வாஸிலி காண்டின்ஸ்கியின் வகுப்பிலும் பயின்று, பின்னர் நெசவுப் பட்டறையில் சேர்ந்தார். காண்டின்ஸ்கியின் வகுப்பில் பகுப்பாய்வு வரைதல் என்னும் பயிற்சி நடந்தது. அன்றாடப் பொருள்களை அடுக்கிவைத்து, முதலில் அவற்றின் மொத்த அமைப்பை எளிமையாக வரைந்து, பிறகு அவற்றுக்கிடையே ஓடும் இழுவிசைகளை மட்டும் கோடுகளாகப் பிரித்தெடுத்து, இறுதியில் பொருள்களே மறைந்து விசைகள் மட்டும் எஞ்சும் வரைபடத்தை மாணவர் எட்டவேண்டும். காண்டின்ஸ்கி தாமும் தம் முப்பதாம் வயதில் சட்டத்துறையை விட்டு மியூனிக் நகருக்கு ஓவியம் கற்கச் சென்ற வெளிநாட்டு மாணவரே. கலையில் ஆன்மிகத்தைப் பற்றிய தம் நூலில், சென்னை அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கியை அவர் மதிப்போடு குறிப்பிட்டிருக்கிறார்.

மிச்சிகோ கற்ற தேநீர் மரபு, பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் நோ ரிக்யூவின் வழியில் வந்தது. ஸென் மடங்களோடு நெருங்கிய உறவுடையது. அதில் தொடக்கநிலை மாணவர் முழுச் சடங்கையும் உடனே கற்பதில்லை. பட்டுத்துணியை மடிப்பது, தேநீர்ச் சிமிழைத் துடைப்பது, மூங்கில் கரண்டியைத் துடைப்பது எனத் தனித்தனிச் செயல்களாகப் பிரித்து, மீண்டும் மீண்டும் பயில்கிறார். பட்டுத்துணியை மடிக்கும் பயிற்சியில் பிறகு எடுத்துவைக்க எதுவும் உண்டாவதில்லை; துணி விரிக்கப்பட்டால் மடிப்பும் போய்விடும். முழுச் சடங்கைப் பயிலும்போதோ, பயிற்சி என்ற பெயரில் நடந்தாலும் உண்மையான தேநீரே கலக்கப்பட்டு, உடன் பயில்பவர் ஒருவர் அதை உண்மையாகவே அருந்துகிறார். ஒத்திகை என்று தனியே ஒன்று அங்கே இல்லை. இத்தகைய பயிற்சியைச் சிறுவயதிலேயே அறிந்த ஒருவர், பசையின்றிக் கருவியின்றித் தாளை மடித்துக் கலைந்துபோகவிடும் வகுப்புக்குள் நுழைந்தபோது, உடன் பயின்ற ஐரோப்பியர் பலருக்குப் புரட்சியாகத் தோன்றிய ஒன்று அவருக்கு முற்றிலும் அந்நியமாக இருந்திருக்க முடியாது. 1995இல் வெளிவந்த தம் நினைவுநூலுக்கு அவர் இட்ட தலைப்பிலேயே பௌஹவுஸும் தேநீர்ச் சடங்கும் இணைந்து நிற்கின்றன. ஒரு மரபின் செல்வாக்கால் இன்னொன்று தோன்றியது என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டியதில்லை. பொருளின் இயல்புக்கு மதிப்பளித்தல், மிகையை நீக்கல், சிறு செயலில் முழுக் கவனம் செலுத்தல் என்பவற்றை இரு மரபுகளும் தனித்தனியே கண்டடைந்தன என்பதே பொருத்தமானது.

வெளிநாட்டில் பயிலும் நிலை பயிற்சிக்குத் தரும் உதவியும் இங்கே புலப்படுகிறது. தாய்நாட்டில் ஒருவர் எதைத் தொடங்கினாலும் குடும்பப் பெயர், முந்தைய திறமை, சொல்வன்மை ஆகியவை அவருக்கு முன்னே போய் நிற்கின்றன. அயல்நாட்டு வகுப்பறையில் மொழி தடுமாறும் மாணவர் தம் பணியைச் சொற்களால் காப்பாற்ற இயலாது. கை செய்ததே அவருக்காகப் பேசவேண்டும். தோகென் துறைமுகத்தில் ஏதும் அறியாத அயலாராக நின்றதனால்தான் ஒரு சமையல்காரர் அவருக்கு ஆசிரியராக முடிந்தது. தாய்மண்ணில், நூல் கற்ற துறவியாகிய அவர் காளான் வாங்க வந்த முதியவரிடம் அக்கேள்வியைக் கேட்டிருப்பாரா என்பது ஐயமே.

பயிற்சியே பயன் என்று சொல்லும்போது, எப்படிச் செய்தாலும் சரி என்ற தளர்வுக்கு அது வழிவிடும் என்ற அச்சம் எழலாம். கர்ம யோகத்தைப் பற்றிய விவாதங்களிலும் இவ்வச்சம் பழமையானது. பயனில் பற்று வைக்காமல் செயலைச் செய்க என்று பகவத்கீதை கூறும் நெறி, செயலின் தரத்தைக் கைவிடச் சொல்லவில்லை. செயலில் திறமையே யோகம் என்ற கருத்தும் அதே நூலில், அதே இரண்டாம் அத்தியாயத்தில் இடம்பெறுகிறது. ஆல்பெர்ஸின் வகுப்பும் இதற்குச் சான்று: எதையும் பாதுகாத்துவைக்கும் எண்ணமின்றிச் செய்யப்பட்ட பணிகளே அங்கு மிகக் கடுமையாக ஆராயப்பட்டன, எவ்வளவு உழைப்பும் பொருளும் செலவிட்டு எவ்வளவு விளைவு கிடைத்தது, மிச்சம் வீணானதா என்றெல்லாம் கணக்குப் பார்க்கப்பட்டது. பணியை உடைமையாக்கிக்கொள்ளும் ஆசை குறைவாக இருக்கும் இடத்தில்தான் அதன் குறையை அச்சமின்றிக் காண முடிகிறது. குறையைச் சுட்டும்போது மாணவர் புண்படுவது, பணியைத் தம்முடையது என்று அவர் பற்றிக்கொண்டிருப்பதனால்.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவம் அதே பள்ளியின் தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்தது. இட்டன், மஸ்டஸ்னான் என்னும் இயக்கத்தைப் பின்பற்றியவர். சரதுஷ்டிர சமயத்தின் பெயரைச் சொல்லி எழுந்த அவ்வியக்கம், மூச்சுப்பயிற்சி, நோன்பு, மரக்கறி உணவு ஆகியவற்றால் உடலைத் தூய்மைப்படுத்தக் கற்பித்தது. இட்டன் வகுப்பை மூச்சுப்பயிற்சியோடும் உடலசைவுகளோடும் தொடங்கினார். அவரைப் பின்பற்றிய மாணவர் சிலர் தலையை மழித்துக்கொண்டனர். பள்ளிச் சமையலறையிலும் அந்நெறி நுழைந்தது. சமயம் வகுப்பறைக்குள் வெளிப்படையாக வந்த இந்தக் காலத்தில், பயிற்சி தன் பொருளை இழந்து, ஆசிரியரைப் பின்பற்றும் குழுவின் அடையாளமாகும் ஆபத்து தோன்றியது. இட்டனின் விலகலுக்குக் குரோப்பியஸுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாடும் ஒரு காரணம். வழிபாட்டுச் சொல் எதுவும் இன்றித் தாளை மடிக்கச் சொன்ன ஆல்பெர்ஸின் வகுப்பே பயிற்சியின் சமய உண்மைக்கு நெருங்கியிருந்தது என்று தீர்ப்பளிக்கத் தயங்கவேண்டியதில்லை.

ஆயினும், இட்டன் எழுப்பிய ஒரு தடையை எளிதில் கடந்துவிட முடியாது. பழைய ஓவியங்களைப் பகுத்து வரைவது அவருடைய வகுப்பின் வழக்கமான பணிகளுள் ஒன்று. அங்கு ஆசிரியராக இருந்த ஓஸ்கர் ஷ்லெம்மர் எழுதிய கடிதம் ஒன்றின்படி, குரூனெவால்டின் பீடவோவியத்தில் அழும் மகதலேனா மரியாளின் படம் ஒருநாள் மாணவர்களுக்குக் காட்டப்பட்டது. மாணவர்கள் அதன் சாரத்தைக் கோடுகளில் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தனர். அவர்களுடைய முயற்சிகளைப் பார்த்த இட்டன், கலையுணர்வு சிறிதேனும் இருந்தால் இந்த அழுகையின் முன்னே உட்கார்ந்து வரையமாட்டீர்கள், கண்ணீர் விட்டிருப்பீர்கள் என்று வெடித்துச் சொல்லிவிட்டு, கதவை அறைந்து வெளியேறினார். குரூனெவால்டு அப்பீடத்தை 1510களில் ஐசன்ஹைம் மடத்துக்காகத் தீட்டினார். உடலை எரிக்கும் கொடிய நோயால் வருந்தியவர்களை அம்மடத்தினர் பேணிவந்தனர். சிலுவையில் தொங்கும் இயேசுவின் புண்பட்ட உடலில் நோயாளிகள் தங்கள் உடலையே கண்டிருப்பர். இத்தகைய படத்தைச் சாய்கோடு, செங்கோடு என்று பிரித்துப் பயிற்சித்தாளாக்குவது தகுமா? சமய நம்பிக்கை வேறாக உடைய வெளிநாட்டு மாணவர் ஒருவர் அவ்வகுப்பில் இருந்தால் அக்கேள்வி இருமடங்காகிறது. அவருக்கு அந்த அழுகை எவருடையது?

இட்டனின் சினத்தில் உண்மை உண்டு. துன்பத்தின் உருவை வெறும் வடிவச் சிக்கலாகக் காணப் பழகிய கண், துன்பத்தையே காணாத கண்ணாகிவிடக்கூடும். எல்லாவற்றையும் பயிற்சிக்கு உரிய மூலப்பொருளாக மாற்றிவிடும் கல்வி அன்பற்றதாகும். ஆனால் கண்ணீரே மதிப்பின் ஒரே வடிவம் என்று அவர் கொண்டது பிழை. இதற்கான விடை பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய் 1942இல் கத்தோலிக்க மாணவர்களை எண்ணி எழுதிய கட்டுரை ஒன்றில் கிடைக்கிறது. பள்ளிப்பாடங்களை இறையன்பின் நோக்கில் எவ்வாறு பயன்படுத்துவது என்பதே அக்கட்டுரையின் பொருள். வெய்யின் கருத்தில் வழிபாட்டின் சாரம் கவனம். கவனமோ, தசைகளை முறுக்கி முயல்வதன்று, தன் எண்ணத்தை நிறுத்திவைத்துப் பொருள் தன்னை வெளிப்படுத்தக் காத்திருப்பது. ஆகவே கணக்கு ஒன்றில் ஒரு மணி நேரம் உண்மையான கவனத்தோடு உழைத்தும் விடை கிட்டாமற்போன மாணவர் எதையும் இழக்கவில்லை. அந்த உழைப்பு அவர் அறியாத வேறோரிடத்தில், வழிபாட்டில், ஒளியாக வந்து சேரும். துன்புறுபவரைக் கண்டு, அவர் படும் பாடு என்ன என்று கேட்க வல்லவராவதும் இதே கவனத்தினால்தான் என்று வெய் தொடர்கிறார்.

மகதலேனாவின் வளைந்த உடலை நான்கு மணி நேரம் நோக்கி, எந்தக் கோடு அந்த வளைவைத் தாங்குகிறது என்று தேடிய மாணவர், ஒரு கணம் கண்ணீர் விட்டு அகன்றவரைவிட அந்தத் துயரத்தோடு நெடிது இருந்தார். அவர் கிறித்தவராக இருக்கவேண்டியதில்லை. பயிற்சியின் பயன் செய்பவரோடு நின்றுவிடுகிறது, ஆகவே அது தன்னலம் சார்ந்தது என்ற ஐயத்துக்கும் வெய்யிடத்திலேயே விடை இருக்கிறது. கவனம் எனும் பயிற்சியில் செய்பவர் வளர்வதில்லை, விலகுகிறார். அவர் விலகிய இடத்தில் தாளோ, தறியோ, பிறர் துயரமோ தெரியத் தொடங்குகிறது.

பயிற்சிப்பணிகளைக் கண்ணாடிப் பேழையில் வைப்பது பற்றியும் சொல்லவேண்டும். 1922 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியக் கீழைக்கலைச் சங்கம் நடத்திய கண்காட்சியில், காண்டின்ஸ்கி, கிளே முதலிய ஆசிரியர்களின் படைப்புகளோடு இட்டனின் முன்பயிற்சி வகுப்பு மாணவர்களின் பணிகளும் வைக்கப்பட்டன. கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்முயற்சிக்குத் துணைநின்றார். இன்று இத்தகைய பணிகள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வரலாற்றுச் சான்றுகள் என்ற முறையில் அவற்றைப் பேணுவது நன்றே. ஆனால் பார்வையாளர் அவற்றைச் சிறுபடைப்புகளாக மட்டுமே காண்கிறார். மடித்த தாள் அங்கே அழகிய வடிவமாக நிற்கிறது, அதை மடித்த கவனம் பேழைக்குள் வருவதில்லை. இதைவிடக் கவலைக்குரியது, எதிர்காலக் கண்காட்சியையும் விண்ணப்பக் கோப்பையும் மனத்தில் வைத்தே ஒவ்வொரு வகுப்புப் பணியையும் செய்யுமாறு மாணவரைத் தூண்டும் இக்காலப் பழக்கம். அவ்வாறு செய்யும் மாணவர் மீண்டும் படகும் விமானமுமே செய்வார். தவறிவிடக்கூடிய ஒன்றை முயலும் துணிவு அவருக்கு வராது.

1932 ஆகஸ்ட் 22 அன்று, தேசிய சோஷலிசக் கட்சியினரின் செல்வாக்கிலிருந்த டெஸ்ஸாவ் நகரமன்றம் பள்ளியை மூட முடிவுசெய்தது. யாமவாகி இணையர் அவ்வாண்டிலேயே நாடு திரும்பினர். தோகென் 1227இல் சீனாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதாகப் பின்னாளில் தம் சீடர்களிடம் கூறினார். ஏனைய துறவிகள் சூத்திரச் சுவடிகளையும் திருவுருவங்களையும் சுமந்து திரும்பிய காலம் அது. யாமவாகி இணையரோ தறிகளையும் அறைகலன்களையும் பள்ளியில் செய்த பயிற்சிப்பணிகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தனர். அப்பணிகளை அவர்கள் காத்துவைத்ததனால்தான் அவ்வகுப்புகளைப் பற்றி இன்று தெளிவாகப் பேசமுடிகிறது. அதற்காக வரலாறு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. இருப்பினும் ஜப்பானில் வேரூன்றியவை அந்தப் பொருள்கள் அல்ல. ஆல்பெர்ஸிடம் முன்பே பயின்று திரும்பிய மிசுதானி தகேஹிகோ அப்பயிற்சி முறையைத் தோக்கியோவில் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். பௌஹவுஸில் பயிலாத கட்டடக்கலைஞர் கவகிதா ரென்ஷிச்சிரோ 1930களின் தொடக்கத்தில் கின்ஸா பகுதியில் நிறுவிய சிறு பள்ளியில் அதே பணிகள் ஜப்பானிய மாணவர்களுக்கு இடப்பட்டன. மிச்சிகோ அங்கு நெசவு கற்பித்தார். அப்பள்ளி நெடுங்காலம் நீடிக்கவில்லை. அங்கு பயின்ற குவசாவா யோகோ 1954இல் தோக்கியோவில் தம் பெயரிலேயே ஒரு வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜப்பானுக்கு வந்த குரோப்பியஸ் அப்பள்ளிக்கும் சென்றார். அது இன்றும் நடந்துவருகிறது.